வீட்டு ஆண்டெனாவும் எச்.ஓ.ஏ.வும்: அமெரிக்காவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனால், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிடுகிறார். பாதிப் பேருக்கு டிஷ்ஷைக் கழற்றச் சொல்லி வீட்டுச் சங்கத்திலிருந்து (எச்.ஓ.ஏ.) கடிதம் வந்திருக்கும். மீதிப் பேர், பொழுதுபோக்குக்காக வீட்டிலிருந்தே வானொலியில் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள். பின்பக்கம் ஒரு கம்பி கட்டவும் விடமாட்டேன் என்கிறார்களே என்று புலம்புவார்கள். இரண்டும் ஆண்டெனாதான். ஆனால் முதல் கட்சிக்குச் சட்டம் துணை நிற்கிறது, இரண்டாவது கட்சியைக் கைவிட்டுவிடுகிறது. இது தெரியாமல் பணம் செலவழித்தவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதி வைத்தேன்.

நான் வக்கீல் இல்லை. டாலஸ் பக்கத்தில் ஒரு புறநகரில் வீடு வைத்திருக்கும், ஹாம் பைத்தியம் பிடித்த ஒரு ஆள்.

எச்.ஓ.ஏ., சி.சி.ஆர்., டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

ஏறக்குறைய. நிலத்தை மனை மனையாகப் பிரித்து வீடு கட்டும் நிறுவனம், முதல் வீட்டை விற்பதற்கு முன்பே ஒரு நீண்ட ஆவணத்தைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிடும். வேலி எத்தனை அடி, சுவருக்கு என்ன நிறம், படகை எங்கே நிறுத்தலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதுதான் சி.சி.ஆர். அந்த நிபந்தனைகள் உங்கள் மனையோடு ஒட்டிக்கொண்டே வருவதால் டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன், அதாவது பத்திரக் கட்டுப்பாடு என்கிறோம். அதை அமல்படுத்தி, சந்தா வாங்கி, கடிதம் போடுகிற சங்கம்தான் எச்.ஓ.ஏ.

சங்கமே இல்லாத பழைய தெருக்களிலும் பத்திரக் கட்டுப்பாடு இருக்கலாம். அங்கே பக்கத்து வீட்டுக்காரரே உங்கள் மேல் வழக்குப் போட முடியும். "எங்க ஏரியால எச்.ஓ.ஏ. கிடையாது" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

நான் அதுல கையெழுத்தே போடலையே. என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?

கட்டுப்படுத்தும். மனை யார் கைக்குப் போனாலும் நிபந்தனை கூடவே போகும். பதிவான ஆவணம் என்பதால், படிக்கவில்லை என்பது சாக்காகாது. வீடு நம் பெயருக்கு மாறும் க்ளோசிங் அன்று கை வலிக்கக் கையெழுத்துப் போட்டோமே, அந்தக் கட்டில் இதுவும் எங்காவது குறிப்பிடப்பட்டிருக்கும். நம் ஊரில் மொட்டை மாடி நம்முடையது என்றால் அதன் மேலுள்ள ஆகாயமும் நம்முடையது மாதிரிதான். 1980களில் தென்கோடி ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பிடிக்க ஆளுயரத்துக்குப் பல மடங்கு கம்பம் நட்டபோது யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து மாட்டிக்கொள்கிறோம்.

"வெளியில் எந்த ஆண்டெனாவும் கூடாது"ன்னு எங்க ஆவணத்துலயே அச்சடிச்சிருக்கு. அப்ப டிஷ் வைக்கவே முடியாதா?

முடியும். டிஷ், டிவி ஆண்டெனா விஷயத்தில் அந்த வரி செல்லாது. 1996-இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 207-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட தடைகளை நீக்கும்படி, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு ஆணையமான எஃப்.சி.சி.க்கு உத்தரவிட்டது. அந்த வருடம் அக்டோபரில் விதி அமலுக்கு வந்தது. இதைச் சுருக்கமாக ஓடார்ட் விதி என்பார்கள். தடையை எழுதியது நகராட்சியானாலும் சரி, எச்.ஓ.ஏ. ஆனாலும் சரி, வாடகைக்கு விட்ட வீட்டு உரிமையாளர் ஆனாலும் சரி, விதி எல்லோரையும் கட்டும். ஆவணம் 1996-க்கு முந்தையது என்பதாலும் தப்பிக்க முடியாது.

விதி சொல்வது மூன்று விஷயம். ஆண்டெனா வைப்பதை நியாயமில்லாமல் தாமதப்படுத்தவோ தடுக்கவோ கூடாது. செலவை நியாயமில்லாமல் ஏற்றக் கூடாது. நல்ல சிக்னல் கிடைக்காமல் செய்யக் கூடாது. செல்லாத வரியை ஆவணத்திலிருந்து அடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், பல இடங்களில் அது இன்னமும் அச்சில் நின்று ஆட்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது.

எந்தெந்த ஆண்டெனாவுக்கு இந்தப் பாதுகாப்பு?

வீட்டுக்கு நேரடியாகப் படம் அனுப்பும் சாட்டிலைட் டிஷ், 1 மீட்டர் விட்டத்துக்குள் இருந்தால். அலாஸ்காவில் மட்டும் அளவுக் கட்டுப்பாடு இல்லை. அங்கே சாட்டிலைட் வானில் மிகத் தாழ்வாகத் தெரியும், டிஷ் பெரிதாக வேண்டும். அடுத்து, உள்ளூர் டிவி நிலையங்களைப் பிடிக்கும் சாதாரண ஆண்டெனா, என்ன அளவானாலும். அப்புறம், கம்பியில்லா இணையத்துக்கு வீட்டில் பொருத்தும் 1 மீட்டருக்குட்பட்ட ஆண்டெனா. இந்தக் கடைசி வகை 2001-இல்தான் சேர்ந்தது. 2021-இல் இன்னும் ஒரு படி போய், பக்கத்து வீடுகளுக்கும் இணையத்தைக் கடத்தும் சிறிய ஆண்டெனாக்களையும் சேர்த்தார்கள்.

சேராதவை: ஏ.எம்., எஃப்.எம். ரேடியோ ஆண்டெனா, லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோ, ஹாம் ரேடியோ. கடைசிச் சொல்லை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்லிங்க் இதுல வருமா?

வரும். சாட்டிலைட் வழியாக நிலையான இடத்துக்கு இணையம் தரும் ஆண்டெனா, அளவும் 1 மீட்டருக்குக் கீழே. டிவி டிஷ்ஷுக்குள்ள அதே உரிமை. ஒரு நடைமுறை வித்தியாசம் உண்டு. டிவி சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பதால் இங்கிருந்து டிஷ் தெற்குப் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டார்லிங்குக்குத் திறந்த வானம் நிறைய வேண்டும், பெரும்பாலும் வடக்குப் பக்கமாக. முதலில் போனில் ஆப்பை வைத்து வானத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சங்கத்தோடு சண்டைக்குப் போங்கள்.

அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்கேன். பால்கனில இருந்த டிஷ்ஷைக் கழட்டுன்னு மேனேஜர் சொல்றாங்க.

1999 ஜனவரியிலிருந்து வாடகைதாரருக்கும் இந்த உரிமை உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: அந்த இடம் நீங்கள் மட்டும் புழங்குவதாக இருக்க வேண்டும். பால்கனி, உங்கள் கதவுக்கு வெளியே உள்ள பாட்டியோ எனப்படும் சிறிய திறந்த தளம், இவை சரி. பொதுக் கூரை, வெளிச்சுவர், புல்தரை, நடைபாதை எல்லாம் கிடையாது.

பால்கனி என்றால் பால்கனிக்குள்ளேதான். கைப்பிடிக்கு வெளியே டிஷ் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது பொது வெளி. சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டு உரிமையாளர் சொன்னால் அதுவும் பொதுவாகச் செல்லும். அதனால்தான் ஆட்கள் வாளியில் சிமெண்ட் கரைத்து ஊற்றி, நடுவே குழாயை நட்டு அதில் டிஷ் மாட்டுகிறார்கள். முதல் அபார்ட்மெண்டில் நானும் அதைத்தான் செய்தேன். சன் டிவி இல்லாவிட்டால் வீட்டில் சமையல் நடக்காது என்ற நிலை. மேனேஜர் அம்மா கழற்றச் சொன்னார். எஃப்.சி.சி.யின் விளக்கத் தாள் இரண்டு பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது" என்றார். அவ்வளவுதான் சண்டை. பெரும்பாலான கேஸ் இப்படித்தான் முடிகிறது.

பால்கனி வடக்கே பார்த்து, டிவி டிஷ்ஷுக்குத் தெற்கு வேண்டுமென்றால்? ஒன்றும் செய்ய முடியாது. விதி உங்களுக்கு இடத்தில் உரிமை தருகிறது, சிக்னலுக்கு உத்தரவாதம் தருவதில்லை.

எங்களுது டவுன்ஹோம். கூரை எனக்குச் சொந்தமா, சங்கத்துக்கா?

இந்தக் கேள்வியில்தான் முக்கால்வாசி வழக்கு நிற்கிறது. டவுன்ஹோம் என்பது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு டவுன்ஹோம். ஒன்றில் கூரை உரிமையாளருடையது, இன்னொன்றில் பொதுச் சொத்து. பத்திரத்தையும் சி.சி.ஆர்.ஐயும் எடுத்து "பொதுப் பகுதி" என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கூரை உங்களுடையது, நீங்கள் மட்டுமே பயன்படுத்துவது என்றால் ஓடார்ட் வரும். சங்கத்துடையது என்றால், ஒழுகும்போது பழுதுபார்க்கும் செலவை உங்கள் சந்தாவிலிருந்து எடுத்தாலும் வராது.

வைக்கிறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும்னு சொல்றாங்களே?

டிஷ்ஷுக்கும் டிவி ஆண்டெனாவுக்கும் முன் அனுமதி கட்டாயம் என்பது பொதுவாகச் செல்லாது, அதுவே தாமதம் என்பதால். பாதுகாப்பு, வரலாற்றுச் சின்னம் இரண்டும் விலக்கு. விண்ணப்பக் கட்டணம் வாங்குவதும் பெரும்பாலும் நிற்காது.

"முன்பக்கம் வேண்டாம், பின்பக்கக் கூரையில் வையுங்கள்" என்று இடம் சொல்லலாம். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைத்து, செலவும் கூடாமல் இருந்தால் நீங்கள் கேட்டாக வேண்டும். சுவர் நிறத்தில் பெயிண்ட் அடிக்கச் சொல்வதும் அப்படியே, சிக்னல் கெடாதவரை. சும்மா வீம்புக்கு வாசல் பக்கமே வைப்பேன் என்று நிற்காதீர்கள். அடுத்த வாரம் குப்பைத்தொட்டியைத் தெருவில் விட்டதற்கு வேறு ஒரு கடிதம் வரும்.

"பாதுகாப்பு"ன்னு ஒரு வார்த்தையை வச்சே எல்லாத்தையும் தடுக்கறாங்க. அது செல்லுமா?

வெறும் வார்த்தை செல்லாது. என்ன ஆபத்து என்பது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்; அதே ஆபத்துள்ள மற்றப் பொருள்களுக்கும் அதே விதி இருக்க வேண்டும்; தேவைக்கு மேல் கடுமையாக இருக்கக் கூடாது. தீ விபத்தில் இறங்கும் படியை மறைக்காதே, மின்கம்பிக்குப் பக்கத்தில் வைக்காதே, சரியாக எர்த் செய், இவை நியாயமானவை. கூரைக்கு மேல் 12 அடியைத் தாண்டும் கம்பத்துக்கு நகராட்சி பெர்மிட் கேட்கலாம். தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் உள்ள, அல்லது அதற்குத் தகுதியான கட்டடங்களுக்குத் தனி விலக்கு உண்டு. நம்மில் பலர் இருக்கிற பத்து வருட வயதுள்ள வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை.

மொத்தக் கட்டடத்துக்கும் பொதுவா ஒரு ஆண்டெனா போட்டுட்டோம், தனியா வைக்காதேன்னா?

நீங்கள் கேட்கும் அதே சேவை, அதே தரத்தில், தனியாக வைப்பதைவிடக் கூடாத செலவில், தாமதமில்லாமல் அதில் கிடைத்தால் அவர்கள் சொல்வது சரி. பொது டிஷ்ஷில் தமிழ்ச் சேனல் வராது, உங்களுக்கு அதுதான் வேண்டும் என்றால் அவர்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஃபைன் போட்டுட்டாங்க. கட்டணுமா?

முதலில் விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் போடுங்கள். கட்டுப்பாடு செல்லும் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் இருக்கிறது. ஒத்துவரவில்லையென்றால் எஃப்.சி.சி.யிடமோ நீதிமன்றத்திலோ தீர்ப்புக் கேட்கலாம். பாதுகாப்பு, வரலாற்றுச் சின்னக் காரணங்கள் இல்லாதவரை, மனு நிலுவையில் இருக்கும்போது ஆண்டெனா அங்கேயே இருக்கலாம், அபராதம் ஏறக் கூடாது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தாலும் பொதுவாக 21 நாள் அவகாசம் உண்டு.

ஹாம் ஆண்டெனாவும் ஆண்டெனாதானே? அதுக்கும் இதே விதியைக் காட்டலாமே?

காட்ட முடியாது. மேலே இரண்டு தடவை படிக்கச் சொன்னது இதற்காகத்தான். ஓடார்ட் பிறந்தது மக்களுக்கு டிவி கிடைக்க வேண்டும் என்ற காரணத்துக்காக. பிறகு இணையம் சேர்ந்தது. ஹாம் அதற்குள் வரவே இல்லை. லைசென்ஸ் கொடுத்ததும் எஃப்.சி.சி., ஆண்டெனாவைக் காப்பாற்றாததும் எஃப்.சி.சி. எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

ஆனா பி.ஆர்.பி.-1 இருக்குன்னு கிளப்புல சொன்னாங்களே?

இருக்கிறது. 1985-இல் எஃப்.சி.சி. வெளியிட்ட உத்தரவு அது. ஹாம் ஆண்டெனாவுக்கு நியாயமாக இடம் கொடுக்க வேண்டும், கட்டுப்பாடு தேவையான அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும் என்று மாநில, உள்ளூர் அரசுகளை அது கட்டுகிறது. பல மாநிலங்கள் இதைத் தங்கள் சட்டத்திலும் எழுதிக்கொண்டன. டெக்சாஸ் சட்டம் அடிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. ஓரிகனில் 70 அடிக்குக் கீழே ஒரு நகராட்சி பொதுவாக உயர வரம்பு வைக்க முடியாது.

கவனியுங்கள்: இதெல்லாம் அரசைக் கட்டுவது. எச்.ஓ.ஏ. அரசு இல்லை. அது நீங்களும் அக்கம்பக்கத்தாரும் செய்துகொண்ட தனியார் ஒப்பந்தம் என்பது வாதம். நகராட்சி 70 அடிக் கோபுரத்துக்குப் பெர்மிட் கொடுத்து, அதை நட்ட மறுநாள் எச்.ஓ.ஏ. இறக்கச் சொன்னால், இறக்கத்தான் வேண்டும். பெர்மிட்டை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சட்டம் மாறவே மாறாதா?

முயற்சி நடந்துகொண்டே இருக்கிறது. ஹாம்களின் தேசிய அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல்., பி.ஆர்.பி.-1-ஐத் தனியார் கட்டுப்பாடுகளுக்கும் நீட்டச் சொல்லி எஃப்.சி.சி.யிடம் கேட்டது; 2001-இல் மறுத்துவிட்டார்கள். அப்புறம் காங்கிரஸ் பக்கம் போனார்கள். அமெச்சூர் ரேடியோ பாரிட்டி மசோதா 2016 செப்டம்பரிலும், மறுபடி 2017 ஜனவரியிலும் கீழவையில் நிறைவேறியது. இரண்டு தடவையும் செனட்டில் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு வேறு பெயரில் புதிய மசோதாக்கள் வந்திருக்கின்றன. அதை நம்பி இப்போதே கோபுரத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

டிவி ஆண்டெனான்னு சொல்லிட்டு ஹாம் ஆண்டெனா வச்சா யாருக்குத் தெரியும்?

கேட்காதவர்களே இல்லை. விதி பார்ப்பது ஆண்டெனாவின் உருவத்தை மட்டும் அல்ல, எதற்குப் பயன்படுகிறது என்பதையும். லைசென்ஸோடு கொடுக்கும் உங்கள் அழைப்புக்குறியை வைத்து எஃப்.சி.சி. தரவுத்தளத்தில் முகவரியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொய் பிடிபட்டால் அடுத்து நீங்கள் உண்மையாகவே டிஷ் வைத்தாலும் நம்ப மாட்டார்கள்.

அப்ப ஹாம் ஆள் என்னதான் செய்யறது?

முதலில் உங்கள் ஆவணத்தின் வாசகத்தை முழுதாகப் படியுங்கள். "கூடவே கூடாது" என்பதும் "சங்கத்தின் கட்டடக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கூடாது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் நிறைய இடங்களில் இருக்கிறது, அதில் கதவு திறந்துதான் இருக்கிறது. சில ஆவணங்களில் 30 அல்லது 45 நாளுக்குள் குழு பதில் சொல்லாவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருக்கும்.

நான் முதலில் அட்டிக்கை, அதாவது கூரைக்கு அடியில் உள்ள காலி இடத்தைத்தான் முயன்றேன். கூரைக்குள்ளே இருப்பது "வெளி ஆண்டெனா" ஆகாது. 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு அரை அலைநீளக் கம்பி 10 மீட்டர்தான், பெரும்பாலான அட்டிக்கில் அடங்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர், மடக்கி மடக்கிக் கட்ட வேண்டும். வெயில் ஊரான டெக்சாஸில் வெப்பத்தைத் தடுக்கக் கூரைப் பலகையில் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஜூலை மாத மத்தியானம் அந்த அட்டிக்கில் வியர்த்து வழியக் கம்பி கட்டி இறங்கினால், வானொலியில் பக்கத்து ஊர்கூடக் கேட்கவில்லை. தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து கூப்பிட்டது மாதிரி. உங்கள் கூரைப் பலகையின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தால் ஏறவே வேண்டாம். பளபளப்பு இல்லையென்றால் முயலுங்கள், ஆனால் படுக்கையறைக்கு நேர் மேலே என்றால் சக்தியைக் குறைத்து, எஃப்.சி.சி. சொல்லும் கதிர்வீச்சு அளவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் கட்டடக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். "ஹாம் ஆண்டெனா" என்று மட்டும் எழுதினால் அவர்கள் கண் முன்னால் கோபுரம் வந்து நிற்கும். நான் ஒரு பக்கப் படம் வரைந்து கொடுத்தேன்: இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கம்பி, தெருவிலிருந்து எடுத்த புகைப்படம், கோபுரம் கிடையாது என்று ஒரு வரி. கூடவே கம்பியில் ஒரு துண்டை உறையில் போட்டு இணைத்தேன். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. அந்தக் கடிதத்தைப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். வாய்மொழியாகச் "சரி, வச்சுக்கோங்க" என்று தலைவர் சொன்னால் போதாது, அடுத்த தேர்தலில் தலைவர் மாறிவிடுவார்.

கொடிக்கம்பத்தையே ஆண்டெனாவா வச்சுக்கலாம்னு சொல்றாங்களே? கொடிக்குத் தடை போட முடியாதாமே?

பாதி உண்மை. 2006-இல் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி அமெரிக்கக் கொடியைப் பறக்கவிடுவதை எச்.ஓ.ஏ. தடுக்க முடியாது, ஆனால் எப்படி, எங்கே என்பதற்கு நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம். அந்தச் சட்டம் காப்பது கொடியை. உள்ளே ஒளிந்திருக்கும் செப்புக் கம்பியை அது பார்க்கவில்லை. நிறையப் பேர் செய்கிறார்கள், நன்றாக வேலையும் செய்கிறது. நானாக இருந்தால் கம்பத்துக்கான விண்ணப்பத்திலேயே ஆண்டெனாவையும் சொல்லிவிடுவேன்.

என் ரேடியோவால பக்கத்து வீட்டு கராஜ் கதவு தானா திறக்குதாம். எச்.ஓ.ஏ. நிறுத்தச் சொல்லுது.

ரேடியோ இடையூறு விஷயம் முழுக்க எஃப்.சி.சி. அதிகாரத்துக்குள் வருவது. உங்கள் ஒலிபரப்பு சுத்தமாக இருக்கிறதா என்று முடிவு செய்யும் வேலை எச்.ஓ.ஏ.யுடையது அல்ல. கராஜ் ரிமோட் மாதிரி லைசென்ஸ் இல்லாத சின்னக் கருவிகள், வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றே விதி. அவற்றின் பின்புற லேபிளிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் லேபிளைக் காட்டிச் சொல்லிவிடாதீர்கள். கம்பி வழியே வரும் இடையூறைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையம் வாங்கிக்கொண்டு போய் அவர் கராஜ் மோட்டாரின் கம்பியில் நீங்களே மாட்டிக் கொடுங்கள். உங்கள் கம்பி அனுமதி புதுப்பிக்க வரும்போது அந்தக் கட்டடக் குழுவில் அவர் உட்கார்ந்திருக்கலாம்.

வீடு வாங்கப் போறேன், ஹாம் லைசென்ஸ் இருக்கு. எதை எப்பப் பாக்கணும்?

ஒப்பந்தம் போட்டதும், பின்வாங்க அவகாசம் இருக்கும்போதே. டெக்சாஸில் அதற்கு ஆப்ஷன் பீரியட் என்று சில நாள் கிடைக்கும். சிறு தொகை கட்டி வாங்கிக்கொள்வது. அந்த நாள்களில் வீட்டு ஏசியைப் பார்க்க இன்ஸ்பெக்டரை அனுப்புகிறோம், சி.சி.ஆர்.ஐப் பார்க்க யாரையும் அனுப்புவதில்லை. ஏஜெண்டிடம் முழு ஆவணத்தையும், பின்னால் சேர்த்த திருத்தங்களையும் கேளுங்கள். ஏஜெண்ட் தரத் தாமதித்தால் பல கவுண்டிகளின் இணையதளத்திலேயே தேடிப் படிக்கலாம். "ஆண்டெனா", "கோபுரம்", "கம்பம்", "கட்டடக் குழு" என்ற நான்கு சொற்களைத் தேடினால் பத்து நிமிட வேலை.

"நான் கேட்டேன், பிரச்சினை இல்லைன்னு சொன்னாங்க" என்று ஏஜெண்ட் சொன்னால், யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று மறுபடி கேளுங்கள். அப்படியே அந்தத் தெருவில் ஒரு நடை போய், தலையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கூரையிலும் ஒரு கம்பிகூட இல்லையென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மரங்கள் எத்தனை இருக்கின்றன என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.